ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்கான சுகாதாரத் திட்டங்கள்: கொடுப்பதை ஏன் வாங்கிக்கொள்வதில்லை?

3 மார்ச் 2024 (கேள்வி)

ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பூர்வகுடி மக்களுக்கென்று தனி கிளினிக், ஆண்டுதோறும் பரிசோதனை, மலிவு மருந்து, வீடு என்று அரசு எல்லாம் கொடுக்கிறது. ஆனாலும் அவர்களுடைய உடல்நிலை மோசம் என்று வருடா வருடம் செய்தியில் அதே கதைதான். கொடுப்பதை வாங்கிக்கொள்ளாதவர்களை யார் என்ன செய்ய முடியும்? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

4 மார்ச் 2024

நான் செவிலியர். நார்தர்ன் டெரிட்டரி என்ற வடக்குப் பகுதியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அதில் நாலு வருடம், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன நகரத்திலிருந்து மண்சாலையில் ஆறேழு மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன ஊரின் கிளினிக்கில். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

"வாங்கிக்கொள்ளாதவர்கள்" என்ற சொல்லைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் நோயாளிகளின் பதிவேட்டிலும் எழுதி வைத்தேன்.

ருமாட்டிக் காய்ச்சல் தெரியுமா? தொண்டையில் வரும் ஸ்ட்ரெப் கிருமிதான் ஆரம்பம். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொண்டை வலியோடு போய்விடும். சிலருக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் அடித்து, அது திரும்பத் திரும்ப வந்து இதய வால்வைக் கெடுத்துவிடும். பணக்கார நாடுகளில் இந்த நோயை ஏறக்குறைய மறந்தேவிட்டார்கள். ஆஸ்திரேலிய நகரங்களில் பல டாக்டர்கள் இதைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். எங்கள் கிளினிக்கில் அதற்கென்று ஒரு நீளமான பட்டியலே இருந்தது.

ஒருமுறை வந்த குழந்தைக்கு மறுபடி வராமலிருக்க 28 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி போட வேண்டும். வருடத்துக்கு 13. மருந்து பசை மாதிரி கெட்டியாக இருக்கும். தசையில் மெதுவாகத்தான் ஏற்ற முடியும். பெரியவர்களே பல்லைக் கடித்துக்கொள்வார்கள். இப்படிப் பத்து வருடம்.

என் பட்டியலில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒரு மாதம் வந்தாள், அடுத்த இரண்டு மாதம் காணோம். கணினியில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. "வரவில்லை" என்று அதில் அடித்தேன். இரண்டாவது மாதம் "குடும்பத்துக்கு அக்கறை போதாது" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரி இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

அவர்கள் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். அங்கே அதை 'சாரி பிசினஸ்' என்பார்கள். சொந்தம் முழுவதும் கூடும், வாரக்கணக்கில் இருக்கும், போகாமல் இருக்கவே முடியாது. இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த அந்த ஊர் கிளினிக்குக்குப் பாட்டியே பேத்தியைக் கூட்டிப்போய் இரண்டு ஊசியும் போட்டிருக்கிறார். அங்கே பதிந்தது எங்கள் கணினியில் தெரியாது. ஆக, வராதவள் என்று நான் எழுதிய குழந்தை ஒரு ஊசியைக்கூடத் தவறவிடவில்லை.

4 மார்ச் 2024, இரவு

நிலைமை எவ்வளவு மோசம் என்று எண் கேட்டிருக்கிறீர்கள். 2020–22க்கான அரசுக் கணக்கின்படி, பூர்வகுடி ஆண் குழந்தைக்கு எதிர்பார்க்கும் ஆயுள் 71.9 வருடம், பெண் குழந்தைக்கு 75.6. மற்ற ஆஸ்திரேலியர்களைவிட முறையே 8.8, 8.1 வருடம் குறைவு. இந்த இடைவெளியை 2031க்குள் மூட வேண்டும் என்பது 'குளோசிங் தி கேப்' திட்டத்தின் இலக்கு. திட்டம் தொடங்கியது 2008இல்.

9 மார்ச் 2024

திருத்தம். மேலே பத்து வருடம் என்று எழுதியிருந்தேன், அது பழைய விதி. 2020இல் வந்த ஆஸ்திரேலிய வழிகாட்டுதலில், இதயம் பாதிக்கப்படாத குழந்தைகளுக்குக் குறைந்தது ஐந்து வருடம் அல்லது 21 வயது வரை, இதில் எது பின்னால் வருகிறதோ அது என்று மாற்றிவிட்டார்கள். சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது வயதில் ஆரம்பித்தால் 21 வயது வரை 150 ஊசிக்கு மேல். அந்தக் குழந்தைக்கு விதி மாறியதால் ஒன்றும் குறையவில்லை.

வலி பற்றிக் கேட்டவருக்கு: குளிர்ந்த பையை வைத்து அழுத்துவது, அதிரும் சின்னக் கருவியைத் தோலில் பிடிப்பது எல்லாம் உதவும். இதைவிட உதவுவது, ஒவ்வொரு மாதமும் அதே ஆள் ஊசி போடுவது. அதுதான் அங்கே கிடைக்காது. பல செவிலியர்கள் ஆறு வாரம், எட்டு வாரம் என்று ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள். ஊசி போடும் முகம் மாறிக்கொண்டே இருந்தால் நம் வீட்டுக் குழந்தை மட்டும் போய் நிற்குமா?

17 மார்ச் 2024

"அப்படியே வைத்துக்கொண்டாலும், வாசலில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டால் வராதவர்களும் உண்டுதானே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். உண்டு. எனக்கே நடந்தது.

வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் கதவருகே நின்று ஒரு பெண்ணின் பெயரை மூன்று முறை கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "வரவில்லை" என்று அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். எங்களுடைய சுகாதாரப் பணியாளர், அந்த ஊர்க்காரர், வயதில் எனக்கு அக்கா, என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். போன வாரம் வேறொரு ஊரில் அதே பெயர் கொண்ட ஒருவர் இறந்துவிட்டாராம். இறந்தவரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அதே பெயர் உள்ள உயிரோடு இருப்பவர்களையும் கொஞ்ச காலத்துக்கு அந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது. அதற்கென்று மாற்றுப் பெயர் உண்டு: குமஞ்சாயி என்பார்கள், தெற்கே போனால் குன்மனாரா. துக்கத்தில் இருந்த சனங்களின் நடுவே நின்று நான் அந்தப் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அக்கா வெளியே போய்த் தோளைத் தொட்டுக் கூட்டிவந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினார்.

இந்த அக்கா மாதிரி ஆட்களுக்கான பதவியும் ஓர் அரசுத் திட்டம்தான். பூர்வகுடி சுகாதாரப் பணியாளர்கள் வெகு காலமாக இருக்கிறார்கள். அவர்களில் கூடுதல் பயிற்சி பெற்றவர்களை 2012 முதல் டாக்டர், செவிலியர் போலவே தேசிய அளவில் பதிவு செய்கிறார்கள். எந்தத் திட்டத்துக்கு முதலில் பணம் தர வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

2 ஏப்ரல் 2024

"உருப்படியாக வேலை செய்த ஒரு திட்டம் சொல்லுங்கள்." சரி, இரண்டு சொல்கிறேன்.

முதலாவது பெட்ரோல். மத்திய ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் சிறுவர்கள் டப்பாவில் பெட்ரோலை ஊற்றி முகர்ந்து மூளையைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். இளவயதுச் சாவுகள் நிறைய. அறிவுரை, தண்டனை எதற்கும் அடங்கவில்லை. 2005இல் ஓப்பல் என்ற பெட்ரோல் வந்தது. போதை தரும் நறுமண வேதிப்பொருள்கள் அதில் மிகக் குறைவு. கார் வழக்கம்போல ஓடும். விலை வித்தியாசத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அந்த ஊர்களில் முகரும் பழக்கம் வெகுவாக விழுந்துவிட்டது. 2013இல் இந்த வகைப் பெட்ரோலுக்கென்று சட்டமே வந்தது. நான் போன சமயம் அங்கே பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பழைய காலம் பெரியவர்கள் சொன்ன கதை மட்டும்தான். இந்த மாற்றத்துக்காக ஊர்ப் பெரியவர்கள், குறிப்பாகப் பாட்டிமார்கள், வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மருந்து. தொலைதூர ஊர்களில் மருந்துக்கடை கிடையாது. 1999 முதல் அங்குள்ள பூர்வகுடி கிளினிக்குகளிலேயே மருந்தைக் காசு வாங்காமல் கையில் கொடுத்துவிடலாம். நகரத்தில் இருப்பவர்களுக்கு 2010இல் சலுகை விலை வந்தது. "சீட்டு எழுதித் தருகிறேன், போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதற்கும் "இந்தாங்க" என்பதற்கும் நடுவே எத்தனை சர்க்கரை நோயாளிகள் கைநழுவிப் போகிறார்கள் என்று நகரத்திலும் வேலை பார்த்த எனக்குத் தெரியும்.

21 ஏப்ரல் 2024

இன்று ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. டயாலிசிஸ் கதையை முழுதாக எழுதுகிறேன். இதை எழுதாமல் இந்த இழை முடியாது.

சிறுநீரகம் செயலிழந்தால் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். பாலைவனத்து ஊர்க்காரர்களுக்கு இதன் அர்த்தம் ஒன்றுதான்: ஊரை விட்டுவிட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்தாக வேண்டும். ஒரு மாதத்துக்கு என்று வர முடியாது, சாகும் வரைக்கும். ஐம்பது வயதில் ஒரு பெரியவர் தன் நிலத்தை, பேரப்பிள்ளைகளை, சடங்குகளை விட்டுவிட்டு ஊர் ஓரத்தில் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பார். இரண்டு வாரம் இயந்திரத்துக்கு வராமல் ஊருக்குப் போனால் உயிர் போகும். தெரிந்தே போனவர்கள் உண்டு. அவர்களையும் பதிவேட்டில் "வரவில்லை" என்றுதான் எழுதுவோம்.

ஆலிஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் கின்டோர் என்ற ஊரின் பிண்டுபி மக்கள், "இயந்திரத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள்" என்று கேட்டார்கள். செலவு அதிகம், பாதுகாப்பு இல்லை என்பதுதான் அப்போது கிடைத்த பதில். அந்த ஊர் ஓவியர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். கின்டோரிலும் பக்கத்து கிவிர்குராவிலும் ஆண்கள் சேர்ந்து ஒரு பெரிய ஓவியம், பெண்கள் சேர்ந்து ஒரு பெரிய ஓவியம் என்று வரைந்தார்கள். 2000ஆம் ஆண்டு நவம்பரில் அவற்றை மற்ற ஓவியங்களோடு ஏலம் விட்டதில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஆரம்பித்த அமைப்புக்கு இன்று 'பர்ப்பிள் ஹவுஸ்' என்று பெயர். ஆலிஸில் அவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஊதா வண்ணம் அடித்திருந்ததால் வந்த பெயர் அது. 2004இல் கின்டோரில் டயாலிசிஸ் தொடங்கியது. அப்புறம் வேறு ஊர்கள். அப்புறம் இயந்திரங்களை ஏற்றிய ஒரு ஊதா லாரி, சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊர் போகிறவர்களுக்காக.

நான் அந்த அறை ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் வழியே சிவப்பு மண்ணும் குன்றும் தெரியும். ஒரு பாட்டி நாற்காலியில் சாய்ந்து, ஒரு கை இயந்திரத்தோடு இருக்க, இன்னொரு கையால் பேத்தியின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். பேத்தி தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். அதே பாட்டியை ஆலிஸில் பார்த்திருக்கிறேன்; அங்கே அவர் யாரோடும் பேச மாட்டார், பாதி நாள் வரவும் மாட்டார். ஊருக்கு வந்த பிறகு ஒரு நாளும் தவறவில்லை. இரண்டிடத்திலும் அதே நோய், அதே இயந்திரம், அதே ஆள்.

22 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அரசு ஒன்றுமே செய்யவில்லை என்ற தொனி வந்துவிட்டது. அது நியாயமில்லை. 2018 நவம்பரில், மிகத் தொலைவான ஊர்களில் செவிலியரோ பூர்வகுடி சுகாதாரப் பணியாளரோ பார்த்துக்கொள்ளும் டயாலிசிஸுக்கு மெடிகேர், அதாவது அரசின் மருத்துவக் காப்பீடு, பணம் தரும் என்று தனி வகையே உருவாக்கினார்கள். அது வந்த பிறகுதான் ஓர் இடத்தைத் திறந்தால் தொடர்ந்து நடத்த முடியும் என்ற தைரியம் வந்தது. ஆனால் வரிசையை மறக்க வேண்டாம். முதலில் ஊர்க்காரர்கள் வரைந்து விற்று நடத்திக் காட்டினார்கள், பதினாலு வருடம் கழித்து மெடிகேர் வந்தது.

முதலாவது பூர்வகுடி மருத்துவ நிலையமும் இதே வழிதான். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில், அந்த மக்களே தொடங்கியது. ஆலிஸில் காங்கிரஸ் என்று எல்லோரும் சொல்லும் பூர்வகுடி மருத்துவ அமைப்பு 1973இல் வந்தது. அரசு கிளினிக்கைக் கட்டிவிட்டு மக்களைக் கூப்பிட்டதாக நாம் நினைக்கிறோம். பல இடங்களில் மக்கள் கட்டிய கிளினிக்குக்கு அரசு பின்னால் வந்து பணம் தந்திருக்கிறது.

12 மே 2024

வீடு பற்றி. "வீடு கொடுத்தால் உடைத்துவிடுகிறார்கள்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பதில் பல வருடமாகவே இருக்கிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், பிட்ஜன்ஜாரா என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில், நகனம்பா சுகாதார மன்றம் 1987இல் ஓர் ஆய்வு செய்தது. மக்கள் நோயில்லாமல் இருக்க வீட்டில் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று ஒன்பது விஷயங்களை வரிசைப்படுத்தினார்கள். முதலிடத்தில் இருப்பது குழந்தையைக் குளிப்பாட்ட முடிவது. இரண்டாவது துணி துவைப்பது. அதற்கடுத்துதான் கழிவுநீர், சமையல், நெரிசல் எல்லாம். அந்த வேலையிலிருந்து வந்த குழுவினர் பின்னாளில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய், ஷவர், சுவிட்ச் ஒவ்வொன்றாகச் சோதித்துச் சரிசெய்தார்கள். ஏன் கெட்டது என்றும் குறித்துக்கொண்டார்கள். குடியிருப்பவர்கள் உடைத்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பகுதி யாரும் பராமரிக்காததால் வந்தது. மீதி கட்டும்போதே ஒழுங்காகக் கட்டாதது.

நியூ சவுத் வேல்ஸ் அரசு இதே முறையில் பத்து வருடம் வீடுகளைச் சரிசெய்துவிட்டுக் கணக்குப் பார்த்தது. சரிசெய்த வீட்டுக்காரர்கள் தொற்றுநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வது, சரிசெய்யாத இடங்களோடு ஒப்பிட 40 சதவீதம் குறைந்திருந்தது. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் செய்த வைத்தியம் இது.

என் சிறுமிக்குத் திரும்புகிறேன். ஸ்ட்ரெப் கிருமி நெரிசலில் பரவுகிறது. அவள் வீட்டில் மூன்று அறை, பதினாலு பேர், ஒரு ஷவர். அந்த ஷவர் கெட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. பழுதுபார்க்கச் சொல்லி நானே நாலு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். நான் மாதாமாதம் அவளுக்குப் பென்சிலின் ஊசி போட்டேன், ஷவருக்கு யாரும் வரவில்லை.

"வரவில்லை" என்று அந்தப் பக்கத்துக்கு ஒரு கட்டம் எங்கள் கணினியில் கிடையாது.

9 ஜூன் 2024

சின்ன விஷயம், ஆனால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். பாலைவன மொழிகளில் அம்மாவின் சகோதரிகளும் அம்மாதான், அப்பாவின் சகோதரர்களும் அப்பாதான். பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா என்று வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். படிவத்திலோ 'தாய்' என்று ஒரே ஒரு கோடு. ஒரு மாதம் ஓர் அம்மா வந்து கையெழுத்துப் போட்டார், அடுத்த மாதம் வேறோர் அம்மா வந்தார். "முன்னுக்குப் பின் முரணாகச் சொல்கிறார்கள்" என்று எனக்கு முன் இருந்தவர் குறிப்பு எழுதி வைத்திருந்தார். ஒரு முரணும் இல்லை. அந்தக் குழந்தைக்கு மூன்று அம்மா.

இன்னொன்று: அவர்கள் மொழியில் 'மாமா' என்றால் அப்பா. "மாமா கூட்டிவந்தார்" என்று ஒரு பையன் சொன்னதை நான் நம் கணக்கில் தாய்மாமன் என்று எடுத்துக்கொண்டு அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்ததும் அந்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஊரில் மாமா யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உன் மாமா வந்திருக்கேன்" என்பார்.

28 ஜூலை 2024

முதலில் கேட்ட நண்பர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. "அப்படியானால் எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்கிறார்.

இதில் எனக்கு இரண்டு மனசு. மக்களே நடத்தும் கிளினிக்கிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அங்கேயும் ஆள் பற்றாக்குறை, அங்கேயும் சண்டை, அங்கேயும் வண்டி ரிப்பேர். பணம் வருடா வருடம் பத்துப் பன்னிரண்டு தலைப்புகளில் பிரிந்து வரும். ஒவ்வொன்றுக்கும் தனி அறிக்கை. நல்ல மேலாளர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாளை அறிக்கைக்கே கொடுத்தார். பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பிடியை விடாமல் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

2020 ஜூலையில் எல்லா அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியோடு ஒரு தேசிய ஒப்பந்தம் போட்டன. கூட்டணியின் தரப்பில் பேட் டர்னர் என்ற பெண்மணி தலைமை தாங்கினார். இலக்குகளோடு, அரசு தன் நடைமுறையை எப்படி மாற்ற வேண்டும் என்று நாலு உறுதிமொழிகளும் அதில் உண்டு: சேர்ந்து முடிவெடுப்பது, மக்கள் நடத்தும் அமைப்புகளை வளர்ப்பது, அரசு அலுவலகங்கள் தம்மை மாற்றிக்கொள்வது, தகவலைப் பகிர்ந்துகொள்வது. இந்த வருடம் பிப்ரவரியில் உற்பத்தித்திறன் ஆணையம் (அரசுக்கு ஆய்வு செய்து ஆலோசனை சொல்லும் அமைப்பு) அதைப் பரிசீலித்து, அரசுகள் சொன்னபடி செய்யவில்லை, பழைய முறையிலேயே போகின்றன என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. நாலாவது உறுதிமொழியைப் படித்தபோது எனக்கு எங்கள் கிளினிக் கணினிதான் ஞாபகம் வந்தது. அந்த இரண்டு ஊசியும் என் திரையில் தெரிந்திருந்தால் நான் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் முழுப் பழியையும் கணினி மேல் போட முடியாது. பாட்டிக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அது என் தவறு.

15 செப்டம்பர் 2024

அந்தச் சிறுமி எப்படி இருக்கிறாள் என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் சொல்கிறேன்.

ஷவர் விவகாரத்துக்கு அப்புறம் பாட்டி என்னிடம் ஒரு யோசனை சொன்னார். 28 நாள் கணக்கு அவருக்குச் சரிப்படவில்லை. நடுவில் சாவு வரும், மழையில் சாலை அடைபடும். "நிலாவைப் பார்த்து வருகிறேன்" என்றார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள். 28ஐவிட ஒன்றரை நாள் அதிகம்தான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நிலா முழுசாவதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுவது என்று சுகாதாரப் பணியாளர் அக்காவும் அவரும் பேசி முடிவு செய்தார்கள். பௌர்ணமியும் அமாவாசையும் பார்த்து வளர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை. எந்த ஊரில் இருந்தாலும் வானத்தைப் பார்த்தால் போதும், அங்கே இருக்கும் கிளினிக்குக்குப் போய்விடுவார். அக்கா அந்த ஊருக்குப் போன் செய்து கேட்டு எங்கள் கணினியில் ஏற்றுவார். அந்த வருடம் 13 ஊசியில் 12 விழுந்தது.

நான் எழுதிய அந்தப் பழைய வரியை அழிக்க முடியாது, மருத்துவப் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. கீழே தேதி போட்டு, "மேற்கண்ட குறிப்பு தவறு. குழந்தை வேறு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். குடும்பம் தவறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3 நவம்பர் 2024

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். அந்தக் கிளினிக்கில் ஒரு செவிலியர் இடம் காலியாகிவிட்டது, கோடை வெயில் காலத்தில் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு நான் போகிறேன். அக்காவிடம் போனில் சொன்னேன். "வா. முதல் வாரம் யார் பெயரையும் கூப்பிடாதே, நான் கூட்டிவருகிறேன்" என்றார்.

15ஆம் தேதி இரவு பௌர்ணமி. 12ஆம் தேதி ஆலிஸிலிருந்து கிளம்புகிறேன், மழை வராமல் இருந்தால் அன்று இரவே போய்ச் சேர்ந்துவிடுவேன். இனி இங்கே எப்போது எழுத முடியும் என்று தெரியவில்லை.